காய வைத்த பொதிகள்

மருத்துவமனையில் எனக்குப் பிடித்த இடம் அந்த அலமாரி அறைதான். மினசோட்டா பனியும் உள்ளே வராது, புழுக்கமும் இருக்காது. நீராவியில் கிருமி போக்கிய அறுவைக் கருவிகளை இரட்டை நீலத் துணியில் பொதிந்து அங்கே அடுக்குவோம். எங்கள் பொதிகளுக்குக் காலாவதித் தேதி கிடையாது. கிழியாமல், நனையாமல் இருந்தால் வருஷம் கழித்தும் சுத்தம்தான். ஒரு சொட்டு பட்டாலும் பிரித்துக் கழுவி, மறுபடி நீராவிக்கு அனுப்ப வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதே நான்தான்.

கூரைக்குக் கீழே ஒன்றரை அடி இடைவெளி விட வேண்டும் என்பதும் விதி. அந்த வெள்ளிக்கிழமை இடம் போதாமல் பெட்டிகளை உச்சிவரை ஏற்றினேன். ஒன்று தண்ணீர்க் குழாயின் இணைப்பில் இடித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், குழாய் கசிந்து, கீழே முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கான கருவிப் பொதிகள் மூன்றும் நனைந்திருந்தன.

மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன் நான். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் வான்கோழி ஆலையில் குடல் உருவினேன். விரல்கள் இன்னும் முழுதாக மடங்காது. அங்கே திரும்பிப் போக மாட்டேன். குழாய் இணைப்பை இறுக்கிவிட்டு மின்விசிறியைப் பொதிகள் பக்கம் திருப்பினேன்.

கூட வேலை பார்க்கும் லோனி எட்டிப் பார்த்தான். "என்ன வெண்டல், துணி காயப் போடுறியா? கிளிப்பு கொண்டாரட்டுமா?"

"உன் ஜட்டியயும் சேத்துக் கொண்டா."

சிரித்துக்கொண்டே போனான். நான் விசிறியின் வேகத்தைக் கூட்டினேன்.

நாலு மணிக்குள் எல்லாம் காய்ந்துவிட்டன. ஒரு பொதியில் மட்டும் காசளவு கறை. அதன்மேல் பெயர்ச் சீட்டை ஒட்டி, மூன்றையும் அலமாரியில் அடுக்கினேன். உள்ளே நீர் இறங்கியிருக்காது என்று முழுமனதாக நம்பினேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

திங்களன்று அந்தப் பொதிகளைக் கொண்டு மூன்று பேருக்கு முழங்கால் அறுவை. இருவருக்குச் சீழ் பிடித்து மறுபடி திறந்தார்கள். மூன்றாமவர் ஆர்விட், பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கிருமி ரத்தத்தில் ஏறி, பதினோராம் நாள் இறந்தார்.

இந்த விசாரணையில் என் மனைவி அர்லீனைப் பற்றியும் கேட்டீர்கள். அந்தத் திங்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. ஞாயிறு காலை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உடம்பு சுடுகிறது, இந்த வாரம் வேண்டாம் என்றேன்.

"எட்டு மாசமா நொண்டிக்கிட்டுக் காத்திருக்கேன். கைய வச்சே சொல்ல நீ என்ன டாக்டரா? ஜுரமானிய எடு, பாத்துடலாம்."

நான் எடுத்துத் தரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு ரத்து செய்தேன். அவள் இடத்துக்குத்தான் ஆர்விட்டை அழைத்தார்கள்.

அவளுக்கு அன்று காய்ச்சல் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.