இடுப்பெலும்புக்குள் குடியிருப்பது யார்

— அப்ப, நாளைக்கு ஆப்பரேசன்ல அறுத்தெடுக்கற எலும்பைக் குப்பைக்குப் போடாம உங்ககிட்டக் குடுக்கோணும். அதானுங்களே அம்மணி?

— அதேதானுங்க மாசாணிம்மா. தொடையெலும்போட தலை. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெருசு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் தொடுவேன்.

— செத்த எலும்புன்னாரே டாக்டரு. அதுல என்னத்தப் பொறுக்கப் போறீங்க?

— பாதிதானுங்க செத்திருக்கு. மீதியில இன்னும் ரத்தம் ஊறுது. ரத்தத்துக்கெல்லாம் தாய் மாதிரி ஒரு செல்லு இருக்குது. அது குடியிருக்கறது எலும்புக்குள்ள. பத்தொம்பது வருசமா அந்த ஊட்டுக் கதவைத்தான் தட்டிட்டிருக்கேன்.

— பத்தொம்பது வருசமா ஒரே கதவா! ஆரும் தொறக்கலீங்களா?

— எலி தொறந்துச்சு. மனுசங்க இன்னும் தொறக்கலை.

— எலியோட எலும்பு ஈர்க்குச்சியாட்டம் இருக்குமே, கண்ணு!

— அதையேதான் ஜெர்மனியில ஆறு வருசம், இங்க பதிமூணு வருசம் குடைஞ்சேன். எம்மக அன்புக்கரசி எலி புடிக்கற வேலைக்குப் போறாள்னு எங்கப்பா அன்னூரு பூராச் சொல்லி வெச்சிருக்காரு.

— புடிச்சு என்னத்தத் தேடறீங்க?

— அந்த எலும்புக்குள்ள வெளியாளோட செல்லு ஒண்ணைக் குடிவெச்சா, பழைய ஆளு மொத்தமாப் போயிருவாரா, இல்லை மூலையில ஒளிஞ்சிருந்து திரும்பி வருவாரான்னு. வருவாருன்னு நான் சொல்றேன். மீட்டிங்ல சிரிக்கறாங்க.

— வந்தா வெளியாளு என்ன ஆவாரு?

— கொஞ்சங் கொஞ்சமாக் காலி பண்ணிருவாரு.

— ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?

— ஆகாதுங்க. நல்லாவே இருப்பாங்க.

— பத்து வருசம் கழிச்சுங்கூட வருமுங்களா?

— அதுதான் தெரியோணும். இத்தனை கேள்வி என் மாணவங்ககூடக் கேட்டதில்லை.

— படுத்துக் கெடக்கறவளுக்கு வேறென்ன சோலி? எனக்கு ரத்தமே ஊறாமப் போயி, பதினாலு வருசத்துக்கு முன்னால எந்தம்பி ராசப்பன் எலும்புச் சத்துக் குடுத்தான். அது தெரியுமுங்களா?

— மஜ்ஜை மாத்துனதுதானுங்களே, தெரியும்ங்க. அதனாலதான் உங்களைத் தேடி வந்தேன். அவரு ரத்தம் உங்க ஒடம்போட சண்டை போடக்கூடாதுன்னு குடுத்த மாத்திரைதான் இந்த எலும்பைக் கெடுத்துச்சு.

— எலும்பு போனாப் போச்சாது போங்க. எந்தம்பி மொடாக்குடிகாரனா இருந்தவனுங்க. எனக்குக் குடுத்த அன்னிக்குக் குடியை விட்டவன். ‘எங்கக்கா ஒடம்புல ஓடறது நானு, அதுல சாராய நாத்தம் வரலாமா’ம்பான். பல்லடத்துல தறி ஓட்டறான், ஒரு நாளு லீவு கெடையாது. நான் கோவிச்சாக்கூட, ‘அது என் கோவமாக்கும்’னு பீத்திக்குவான்.

— இப்ப எங்கீங்க அவரு?

— கீழ டீ வாங்கப் போயிருக்கான்.

— வர்றதுக்குள்ள சொல்லிடறேன். போன வாரம் உங்க கையில ரத்தம் எடுத்தேனில்லீங்களா? தம்பி ரத்தம்னா அதுல ஆம்பளைக்குண்டான அடையாளம் இருக்கோணும். ஒரு செல்லுலகூட இல்லை. மாசாணிம்மா, உங்க பழைய செல்லே முழிச்சிக்கிச்சு. இப்ப ஓடறது பூரா உங்க ரத்தம்தான்.

— அவனோடது ஒரு சொட்டுங்கூட இல்லீங்களா?

— இல்லீங்க. மூணு தடவை திருப்பிச் சோதிச்சுப் பார்த்துட்டேன். ஆனா இதை நிரூபிக்க உங்க தம்பி ரத்தத்தையும் வெச்சு ஒத்துப் பார்க்கோணும். இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டாங்க.

— சக்கரை பார்க்கறோம்னு சொல்லி எடுத்துப்போடுங்க.

— பொய் சொல்லி எடுக்கமாட்டேன்ங்க. விவரம் சொல்லித்தான் கேக்கோணும்.

— அப்ப கேக்காதீங்க. எலும்பு என்னுது. சீட்டைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். ரெண்டு இடுப்பையும் வேணாலும் எடுத்துக்கங்க. அவனை உட்டுருங்க.

— எலும்பு மட்டும்னா பாதிக் கதைதானுங்களே...

— அக்கா, புடி, டீ ஆறுது. ஏனுங்க டாக்டரம்மா, எங்க ரத்தத்தைப் பத்தித்தானுங்களே பேச்சு? எப்படியிருக்குதுங்க நம்ம சரக்கு?

— ராசப்பா, வாயை மூடிட்டு நில்லு.

— பாத்தீங்களா, எங்கோவம் அப்படியே வருது! ஆராய்ச்சிக்கு வேணும்னா என் கையிலயும் எடுத்துக்கங்க. இந்தாங்க, சட்டையை மடிச்சுட்டேன்.

— ...வேண்டாம்ங்க. கையை எறக்குங்க.

— அட, எனக்கொண்ணும் பயமில்லீங்க.

— தெரியுதுங்க. அக்கா குடுக்கறதே போதும்.

— அப்பச் சரி. உங்களுக்கும் ஒரு டீ வாங்கிட்டு வாரேன். சக்கரை போட்டுத்தானுங்களே?

— போட்டே வாங்கிட்டு வாங்க.

— ...போயிட்டானுங்களா அம்மணி?

— போயிட்டாருங்க. நீட்டுன கையை வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். பத்தொம்பது வருசம்! ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலைங்க. நீங்க இப்பத்தான் கேள்விப்பட்டீங்க. ஒரு நிமிசங்கூட யோசிக்காம எப்படி மறைக்கோணும்னு தோணுச்சு?

— இப்பத்தான்னு ஆரு சொன்னா? அவனோடது ஏறுனதுல இருந்து ஓ-ன்னு இருந்த என் ரத்தக் குரூப்பு, மூணு வருசத்துக்கு முன்னால எங்கூரு முகாமுல குத்திப் பார்த்தப்பப் பழையபடி பி-ன்னு வந்துச்சுங்க. அவன் வந்து பக்கத்துல உக்கார்றதுக்குள்ள அந்தச் சீட்டை மென்னு முழுங்கிப்போட்டேன்.