மிளகு மடித்த காகிதம்

கிழவி எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, என் கையெழுத்துல மொளகு மடிச்சு வித்துட்டீங்களே."

"அதுல ஒரு வார்த்தையும் படிக்க முடியல கண்ணு. பிரிண்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"படிக்கறதுக்கு அதென்ன கல்யாணப் பத்திரிகையா? கம்ப்யூட்டர்ல நான் கையெழுத்துப் போடற ரகசியச் சாவிங்க. கம்ப்யூட்டர் போனா வேணும்னு அச்சடிச்சு வெச்சேன். நேத்து கம்ப்யூட்டரும் போயிருச்சு."

"சாவி ரெண்டுன்னியே?"

"இன்னொண்ண ஊருக்கே குடுத்தாச்சு."

"அப்ப அதுல ஒண்ணத் திருப்பி வாங்கிக்கலாமே."

"அத வெச்சு என் கையெழுத்தச் சரிபாக்கத்தானுங்க முடியும், போட முடியாது. போடறதுக்குக் கருப்புத் திரையில கட்டளை அடிக்கோணும், இந்தச் சாவி இருக்கோணும். வெள்ளிக்கெழமைக்குள்ள போடலீன்னா என் வேலை போயிரும்."

"பேனாவுல போட்டு அனுப்பேன்."

"ஆருக்கு வித்தீங்க? வேற ஆரும் அதப் பாக்கக் கூடாது."

"ஒரு வயசான அம்மாயிக்கு. தல நிமிரவே இல்ல. மூஞ்சியே தெரியல."

என் பையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். காகிதம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும். சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் செம்மேட்டில் இறங்கிவிட்டார்கள்.

மிளகை டப்பாவில் கொட்டிவிட்டுக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதுதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வேறு யாருக்கும் காட்டவேண்டாம்.