கொக்கி மட்டும்

எனக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. நீங்கள் கொடுத்தது சரியாக இருந்தது. அதற்காகவாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

இறந்தவன் என் தங்கச்சி புருஷன், கிணறு வெட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவன் தொங்கி இறங்குகிற சங்கிலியை இத்தனை காலமும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை டவுனில் கடைச் சங்கிலி வாங்கி வந்தான். அதன் நுனியில் கொக்கி இல்லை. பட்டறையில் நாலு பேர் காத்திருக்கும்போது, "மச்சான், இனிமே நீங்க கொக்கி மட்டும் பண்ணுங்க, போதும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உறவுக்குள் கேலி இல்லாமலா?

அன்றைக்கே உலையை மூட்டினேன். நல்ல எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கல்லாக இறுகும், கூடவே வீம்பும் ஏறிக்கொள்ளும். மறுபடி இளஞ்சூடு காட்டி ஆறவிட்டால்தான் அந்த வீம்பு இறங்கும். அப்படிச் செய்யாத கொக்கி பார்வைக்கு லட்சணமாக இருக்கும், மண்கூடையைக்கூடத் தூக்கிவிடும். பாறையில் ஒரு தட்டுப் பட்டால் கண்ணாடி மாதிரி உடைந்து போய்விடும். நான் இளஞ்சூடு காட்டவில்லை.

கிணற்றடிக்கு நானே கொண்டுபோய் மாட்டினேன். பாதி வெட்டிய கிணறு, சுற்றிலும் பாறை. சோறு கொண்டு வந்திருந்த தங்கச்சி அவனிடம், "அண்ணன் செஞ்ச கொக்கி. பயப்படாம எறங்குங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் என்னைப் பார்த்து, தாங்குமா என்று கேட்டான். சங்கிலியை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன்.

"எறங்குங்க மாப்ளே" என்றேன்.

விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் குரல் கேட்டது. என்னைத்தான் கூப்பிட்டான். ஆட்கள் கயிறு தேடி ஊருக்குள் ஓடினார்கள். நான் முன்பு அடித்துக் கொடுத்த பழைய சங்கிலி பக்கத்துக் கொட்டகையிலேயே கிடந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொக்கி மட்டும் போதும் என்றவன்தானே.

அண்ணன் கை தவறிவிட்டது, பாவம், வேண்டுமென்றா செய்திருப்பான் என்று தங்கச்சி உங்களிடம் அழுதாளாம். நீங்களும் அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அதை அடித்துவிட்டு நான் சொன்னபடி எழுதுங்கள், ஐயா. என் கை ஒரு நாளும் தவறியதில்லை. தவறிவிட்டது என்று ஊர் பேசினால், நாளைக்கு என் பட்டறைக்கு யார் வருவார்கள்?