தூண் இல்லாத போர்ட்டிகோ

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது ஐயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். முடிந்தால் இன்னொன்று சொல்லுங்கள், நான் கொஞ்சம் விளக்கமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏட்டையா எழுதி வாசித்துக் காட்டியதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. அதைத் திருத்தாமல் நான் கையெழுத்துப் போட முடியாது.

என் பெயர் துரைராசு. ஊர் திருவிடைமருதூர் பக்கம். மீசை முளைக்கும் முன்பே கொத்துக்கரண்டி பிடித்தவன். நான் எடுத்த சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், நூல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படியும் எனக்கு வேலை கொடுக்க ஆளில்லை. அப்போது இந்தப் பக்கம் முழுக்க துபாய்ப் பணத்திலும் குவைத் பணத்திலும் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நெல் வயலுக்கு நடுவில்கூட மாடி வீடு. நான் சைக்கிளைச் சாத்திவிட்டு கேட்டுக்கு வெளியே நிற்பேன். முதலில் சைக்கிளைப் பார்ப்பார்கள், பிறகு செருப்பைப் பார்ப்பார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

பாபநாசத்தில் ஒரு வீட்டு வாசலில் அப்படி நின்றுகொண்டிருந்தபோது வெள்ளை மாருதியில் ஒருவர் வந்து இறங்கினார். விரலுக்கு ஒரு மோதிரம். வீட்டுக்காரர் எழுந்து, நாற்காலியைத் துண்டால் தட்டி உட்காரவைத்தார். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கேட்டதற்கு அந்த மனிதர் பார்த்துக்கலாம் என்றார். கம்பி என்ன கனம் என்றதற்கும் பார்த்துக்கலாம்தான். வேலை அவருக்குப் போனது. அடுத்த ஐப்பசி மழைக்கு அந்த வீட்டு ஹாலில் வாளி வைத்து ஒழுகலைப் பிடித்தார்கள். அப்போதும் ஒரு குறை சொல்லவில்லை. பெரிய ஆள், நாலு இடத்தில் வேலை, நம் வீட்டை மட்டுமா பார்த்துக்கொண்டிருப்பார் என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். இவ்வளவுதானா விஷயம் என்று இருந்தது.

கவரிங்கில் நாய்ச்சங்கிலி கனத்துக்கு ஒரு செயின் வாங்கினேன். வேட்டி சட்டைக்குக் கஞ்சி போட்டேன். கும்பகோணத்தில் வாடகை அம்பாசடர் ஓட்டும் தங்கையனிடம் பேசி ஏற்பாடு செய்தேன். நான் இறங்கும்போது அவன் ஓடி வந்து கதவைத் திறக்க வேண்டும், யார் கேட்டாலும் முதலாளி கார் என்று சொல்ல வேண்டும். செல்போன் வந்த புதிது அது. உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பழைய செட்டை வாங்கி, டவரே எட்டாத ஊரில் நின்று காதில் வைத்துக்கொண்டு, அந்த சிமெண்ட் எனக்கு வேண்டாம், லாரியைத் திருப்பி அனுப்பு என்று அதட்டினேன். எதிரில் நின்ற பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

வேலை வந்து குவிந்தது. தலை கிறுகிறுத்தது. காலையில் கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே அந்த ஆளுக்கு வேலை கொடுக்கலாம் போலிருக்கும். சொந்த வீட்டில் ஆனந்தவல்லி, என் மனைவி, என்னை வாங்க போங்க என்பதோடு நிறுத்தாமல் சில நாள் எழுந்தே நின்றாள். ஆனால் ஒன்று ஐயா. கலவையில் ஒரு சட்டி சிமெண்ட் குறைத்தவனில்லை நான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெஹராஜ் பேகம் அம்மாவின் வீடுதான் நான் எடுத்ததில் பெரியது. அவர் கணவர் மீரா உசேன் பாய் துபாயில் கடை வைத்திருக்கிறார், வீட்டு வேலையை அம்மாதான் பார்த்துக்கொண்டார். போன முதல் நாளே, மனையை ஒட்டி அவர்கள் குடியிருந்த பழைய வீட்டு ஹாலில் சோபா, பீங்கான் கோப்பையில் டீ, தட்டில் முந்திரி. வாய்க்கு வாய் காண்ட்ராக்டர் சார். அவருடைய நாத்தனார் சஃபியாம்மாவுக்கு அடுத்த தெருவில் மனை இருந்தது, அதுவும் எனக்குத்தான் என்று பேச்சு. முகப்பில் தூண் இல்லாத போர்ட்டிகோ கேட்டார் அம்மா. சுவரிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கீழே பெரிய கார் நிற்க வேண்டும். கம்பி கட்டியதிலிருந்து கான்கிரீட் கொட்டியது வரை நான் நகரவில்லை.

மறுநாள் ரெத்தினம் வந்தான். நானும் அவனும் ஒன்றாகச் சித்தாள் வேலையில் ஆரம்பித்தவர்கள். பிறகு அவன் சவூதிக்குப் போய் சென்ட்ரிங் வேலை, கான்கிரீட்டுக்குப் பலகை அடித்து முட்டுக்கொடுக்கிற வேலை, பார்த்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று திரும்பி வந்து என்னைத் தேடிப் பிடித்து வேலை கேட்டான். எனக்கென்று ஒரு கோடாலித் தைலம் வைத்திருந்தான். கட்டிப்பிடித்தான். அப்படியே என் செயினைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"கவரிங்தானே இது? அசல் மாதிரியே இருக்குடா."

அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். இது யார் என்று கேட்டார். அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

"ஒரே சட்டியில கஞ்சி குடிச்சவங்கம்மா நாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சைக்கிள்தான் இருந்துச்சு. இவன் மிதிப்பான், நான் பின்னால உக்காந்துக்குவேன்."

இதில் ஒரு சொல் பொய்யில்லை. கெட்ட எண்ணமும் இல்லை. அம்மா சிரித்தார். அடுத்த நாள் எனக்கு டீ வாசற்படிக்கே வந்தது, எவர்சில்வர் டம்ளரில். காண்ட்ராக்டர் சார் போய் துரைராசு ஆகியிருந்தது. சஃபியாம்மா மனையைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"அவங்க வேற யாராச்சும் பெரிய ஆளாப் பாக்குறாங்களாம்."

நான் நிதானமாக யோசித்தேன். ரெத்தினத்துக்கு வேலை கொடுத்தால் தினமும் என் பக்கத்தில் நின்று பழைய கதை பேசுவான். கொடுக்காவிட்டால் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவான். வன்மத்தில் பேசுகிறவனைப் பணிந்து போயாவது நிறுத்தலாம். பிரியத்தில் பேசுகிறவனை என்ன செய்வது?

மறுநாள் விடியும்போதே போய், கான்கிரீட் இறுகுவதற்காக போர்ட்டிகோவின் மேல் பாத்தி கட்டித் தேக்கியிருந்த தண்ணீரை வடித்தேன். பெருக்கிவிட்டேன். வெயில் ஏறியதும் பழைய தளம் மாதிரி வெளுத்துவிட்டது. ஆட்களைப் பின்பக்கம் குழி தோண்ட அனுப்பினேன். அம்மா கும்பகோணத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தார். அது எனக்கு நிம்மதி, அந்த வீட்டில் யாருக்கும் ஒரு கீறல் படக்கூடாது. தங்கையனிடம் காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். தூசி படியும்.

ரெத்தினம் வந்தான். இன்றைக்கே வேலை இருக்கிறது, முட்டுக்கட்டைகளைத் தட்டிவிட்டுப் பலகையைப் பிரி என்றேன். அந்த மாதிரி தளத்துக்குக் கீழே மூன்று வாரத்துக்கு முட்டுக்கட்டையை எடுக்கக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"போட்டு எத்தன நாளாச்சு?"

"மாசமாவப் போவுது."

அண்ணாந்து பார்த்தான். பலகையைத் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ சொன்னா சரிதான்."

வெளி ஓரத்து முட்டிலிருந்து ஆரம்பித்தான். அதுதான் முறை. வேலை தெரிந்தவன் ஐயா, பார்க்க அழகாக இருந்தது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட் வரை நடந்தேன். கடைசி முட்டுக்கு வரும் முன்பே விழுந்துவிட்டது. கத்த நேரமில்லாமல் அவன் உயிர் அங்கேயே போய்விட்டது. நான் திரும்பியபோது தங்கையன்தான் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

இப்போது ஏட்டையா எழுதியதற்கு வருகிறேன். தரக்குறைவான கட்டுமானத்தால் போர்ட்டிகோ தானாக இடிந்தது, கட்டியவரின் அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறார். பேசாமல் கையெழுத்துப் போடுங்கள், சீக்கிரம் ஜாமீன் கிடைக்கும் என்கிறார் வக்கீல். நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் இதைப் படிப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் போட்ட போர்ட்டிகோ தானாக விழாது. விட்டிருந்தால் அதன்மேல் லாரியே நிற்கும். அதை நான்தான் விழவைத்தேன். ரெத்தினம் அதன் கீழே நிற்க வேண்டும் என்று, தெரிந்தே, அவனிடம் பொய் சொல்லி விழவைத்தேன். அப்படி எழுதுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். எந்த இன்ஜினியரை வேண்டுமானாலும் அனுப்பி மீதி வீட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். தொழில் என்ற இடத்தில் கொத்தனார் என்று போட்டிருக்கிறது. அதை அடித்துவிட்டு பில்டிங் காண்ட்ராக்டர் என்று போடுங்கள் ஐயா.