அளவுக்கு ஓர் ஆள்

மேசையில் நிற்கும் இந்தக் கண்ணாடி முகம் பார்க்க அல்ல. என் முகம் எனக்கே அவ்வளவாகப் பிடிக்காது. செப்புத் தட்டில் கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, மை தடவி அச்செடுத்தால் படம் இடம் வலமாக மாறி விழும். அதனால் மூலப்படத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தட்டில் கீறுவோம்.

இடிந்த கட்டடங்கள்தான் என் பிழைப்பு. சில உள்ளவை, பல நானே மனதில் கட்டியவை. எங்கும் போய்ச் சேராத பாலங்கள், கூரையில்லாத கூடங்கள். என் தம்பி பொறியாளன். உடைந்ததைக் கண்டால் அவனுக்குக் கை பரபரக்கும். ஒழுகிய என் கூரையைக்கூட அவன்தான் வந்து அடைத்தான். தங்கமான பையன், பொய் சொல்ல மாட்டேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் பழைய கோட்டையைப் பழுதுபார்க்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. எத்தனையோ வருடமாக நான் வரைந்துவரும் கோட்டை. சிமென்ட் பூசப்போவதாகச் சந்தோஷமாகச் சொன்னான். வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஏண்ணா, இடிஞ்சு கிடந்தாத்தான் உனக்கு அழகா?" என்று சிரித்தான்.

வயிறு எரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோபுரத்துக்குள் இரண்டு படிக்கட்டுகள், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. இடப்பக்கத்துப் படிக்கட்டு உச்சியில் உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது. காலை வைத்தால்தான் தெரியும். எது உறுதியென்று என்னிடம் கேட்டான். புதிதாக எடுத்த அச்சைக் கொடுத்தேன். அதில் இற்ற இடத்தைக் காட்டும் விரிசல் வலப்பக்கம் இருந்தது. அவன் இடப்பக்கம் ஏறினான்.

தொழிலில் நேர்ந்த பிழை என்று விசாரிக்க வந்த நீங்களே சொல்லிவிட்டீர்கள். தம்பி மனைவியும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கண்ணாடி பாக்க மறந்துட்டீங்க மாமா. வேணும்னேவா செஞ்சீங்க?" எனக்கும் அழுகை வந்தது, நிஜமாகவே.

மறக்கவில்லை. கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வேலை நின்றுபோயிற்று. கோட்டை அப்படியே இருக்கிறது.

இடிபாடுகளை வரைகிறவர்கள் கீழே சின்னதாக ஒரு மனிதனைப் போடுவது வழக்கம். அப்போதுதான் உயரம் புரியும். இந்தப் படத்திலும் விரிசல் விட்ட படிக்கட்டின் அடியில் ஒருவன் கிடக்கிறான். தம்பி போன பிறகு, துக்கத்தில் நான் சேர்த்தது என்று நினைக்கிறீர்கள். அச்சைக் கையில் வாங்கியதும் அவன் முதலில் கேட்டதே அதைத்தான்.

"யாருண்ணா இது, இப்படிக் குப்புறக் கிடக்கறான்?"

"அளவுக்கு ஒரு ஆள்டா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அளவும் சரியாகத்தான் இருந்தது.