முரடியின் குட்டி

— அந்தப் பின்னங்காலை இன்னும் கொஞ்சம் இழும்மா. தோல் கிழியாது, பயப்படாத.

— இழுத்துட்டேன் மாமா. நாலு காலும் உள்ள போயிடுச்சு. ஸ்வெட்டர் போட்டு விட்ட மாதிரி இருக்கு, பாருங்க. கொஞ்சம் தொளதொளன்னு.

— ம்க்கும், அளவெடுத்தா தைக்க முடியும்? முரடியோட செத்துப்போன குட்டி இதைவிடப் பெருசு, அதோட தோல்தானே இது. வால் பக்கம் தோல் நல்லா மூடியிருக்கான்னு பாரு. முரடி மொதல்ல மோந்து பாக்குறது அங்கதான்.

— முரடிக்கு நிஜமாவே தெரியாதா மாமா? அதோட குட்டி செத்ததை அதுவே பாத்துச்சே. நேத்துப் பூரா அசையாத குட்டியை நக்கிக்கிட்டே நின்னுச்சு.

— ஆட்டுக்குக் கண்ணு மேல நம்பிக்கை கிடையாது. எல்லாம் மூக்குதான். தன் குட்டி வாசனை அடிச்சா மடியைக் காட்டும். இல்லைன்னா முட்டியே கொன்னுடும்.

— ஐயோ, இதையா? காலையில பாத்தப்ப ஓடைக்கரையில இதோட தாய் செத்துக் கிடக்கு, இது பக்கத்துல நின்னு கத்துது. செவலை நரி கொஞ்சம் தள்ளி உக்காந்து வேடிக்கை பாக்குது. நான் ‘ச்சூ’ன்னேன், நகரவே இல்லை. போட்டிருந்த கோட்டைக் கழட்டி இதைச் சுத்தித் தூக்கினப்புறம்தான் மனசே இல்லாம எழுந்து போச்சு.

— என் பையனோட கோட்டையா?

— வேற எந்தக் கோட்டு இருக்கு எனக்கு? அவர் தவறிப்போனதுலேர்ந்து வேலைக்கு இதைத்தானே மாட்டிக்கிட்டுத் திரியுறேன்.

— ம். செவலையைச் சொல்லியும் குத்தமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பொந்துல அதுக்கும் குட்டிங்க இருக்கு. பாவம், அதுவும் பிள்ளைக்காரி.

— போன வாரம் நம்ம கோழியைத் தூக்கிட்டுப் போனப்ப வேற மாதிரி பேசினீங்க. காதைப் பொத்திக்கிட்டேன் நான்.

— அது போன வாரம். சரி, படலைத் திறக்குறேன், குட்டியை உள்ள விடு. விட்டுட்டு இப்படி வந்து நில்லு.

— வருது மாமா... மோந்து பாக்குது.

— பாக்கட்டும்.

— ஐயையோ, உதைக்குது! தூக்கிடவா?

— சும்மா இரு. முரடின்னு பேர் வச்சா கொஞ்சம் முரண்டு பண்ணத்தான் செய்யும். அதெல்லாம் இருக்கட்டும், பையெல்லாம் கட்டியாச்சா?

— கட்டியாச்சு. வாசல்கிட்ட வச்சிருக்கேன்.

— உங்க அண்ணன் எப்ப வர்றாராம்?

— பாலம் தாண்டிட்டேன்னு இப்பதான் போன் பண்ணாரு.

— பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோடு சேறா இருக்கும். பனி உருகின தண்ணியெல்லாம் அங்கதான் வந்து நிக்கும். நிதானமா வரட்டும்.

— மாமா, என் ரூம் ஜன்னல்ல உடைஞ்ச கண்ணாடி இருக்குல்ல, அதை இப்ப மாத்திடாதீங்க. வால் பிளந்த குருவி ஜோடி வந்துடுச்சு. அந்த ஓட்டை வழியாத்தான் உள்ள வருதுங்க. உத்திரத்துல போன வருஷம் கட்டின கூட்டுக்கே திரும்ப மண்ணு பூசுதுங்க.

— ரூமுக்குள்ளயா? படுக்கையெல்லாம் அசிங்கம் பண்ணுமே!

— யார் படுக்கை? நான்தான் போறேனே.

— சரி, மாத்தலை. அப்படியே இருக்கட்டும்.

— தண்ணித் தொட்டியையும் கழுவிடாதீங்க. அதுல தவளை முட்டை போட்டிருக்கு. கொஞ்ச நாள் பொறுத்தா கால் முளைச்சு தாவிப் போயிடும்.

— அதுவரைக்கும் ஆடுங்க எதுல தண்ணி குடிக்கும்? என் தலையிலயா?

— வாளியில வைங்க. நான் அப்படித்தான் வைக்கிறேன். அப்புறம் வடக்கு வயல்ல டிராக்டர் ஓட்டும்போது அந்த மூலைப் புல்லை விட்டுட்டு ஓட்டுங்க. முயல் குட்டி போட்டிருக்கு. அவசரத்துல மறந்துடுவீங்க, அதான் ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டியிருக்கேன்.

— குருவிக்கு ரூம், தவளைக்குத் தொட்டி, முயலுக்கு வயல், நரிக்குக் கோழி. எனக்குன்னு இந்தப் பண்ணையில எதையாவது விட்டுவச்சிருக்கியா தாயே?

— உங்களுக்குத்தான் முரடி இருக்கே. ரெண்டு பேருக்கும் ஒரே குணம்.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை.

— மாமா, அண்ணனுக்கு போன் பண்ணி வரச் சொன்னது நீங்கதானே?

— அங்க பாரு, முரடி உதைக்கிறதை நிறுத்திடுச்சு.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— நான்தான். வேற யாரு?

— ஏன் மாமா?

— ஏன்னா? அவன் போனப்புறம் இது ரெண்டாவது தடவை ஆடுங்க குட்டி போடுது. கட்டினவன் இல்லாத வீட்டுல, ஒரு கிழவன் கூட, சேத்துலயும் புழுக்கையிலயும் நீ ஏன் கிடக்கணும்? சின்ன வயசு. உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?

— வேணாம்னு நான் சொன்னேனா? அது இங்க இல்லைன்னு சொன்னேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா இருக்கேன்னுதான் சொல்லுவே. என்னைப் பாவம் பாத்து.

— பாவமா! டீயில சர்க்கரை கூடிடுச்சுன்னு அரை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற ஆளைப் பாத்து எனக்குப் பாவம் வருமா? எனக்கு இங்க பிடிச்சிருக்கு மாமா. இந்த ஆடு, இந்த ஓடை, உங்க முணுமுணுப்பு எல்லாமே. ‘இரு’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேன்.

— எந்த முறையில சொல்ல? என் பையனே இல்லைன்னு ஆனப்புறம், உன்னை நிறுத்தி வைக்க நான் யாரு?

— அதுதான் எனக்கும் இன்னிக்குக் காலையில புரிஞ்சுபோச்சு.

— என்ன புரிஞ்சுது?

— ஓடையிலேர்ந்து வந்தப்ப கொட்டகை வாசல்ல நின்னு கூப்பிட்டீங்க. ‘டேய், கேட்டை மூடிட்டு வாடா’ன்னு. அவரைக் கூப்பிடுற அதே குரல். என்னை நீங்க ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

— ஏதோ வாய் தவறி வந்துடுச்சும்மா.

— தப்புன்னு சொல்லலை. அவரோட கோட்டைப் போட்டுக்கிட்டு நடந்தா, தூரத்துலேர்ந்து அவர் வர்ற மாதிரிதான் இருக்கும். முரடி அந்தத் தோலை மோந்து பாக்குது. நீங்க இந்தக் கோட்டைப் பாக்குறீங்க. அவ்வளவுதான். கோட்டு இல்லைன்னா நான் யாரோ ஒரு வீட்டுப் பொண்ணு. அதை நினைச்சா எனக்கு வலிக்குது மாமா.

— மெதுவாப் பேசு. குட்டி காம்பைப் பிடிச்சுடுச்சு.

— எங்க? ஆமா மாமா! வால் ஆடுது, பாருங்க!

— வால் ஆடினா பால் இறங்குதுன்னு அர்த்தம். கொஞ்ச நாள் அவ பால் உள்ள போனா, அவ வாசனையே குட்டிக்கு வந்துடும். அப்புறம் தோலை அறுத்துத் தூக்கிப் போட்டுடலாம்.

— தூக்கிப் போட்டா திரும்ப முட்டாதா?

— அப்புறம் எதுக்கு முட்டப்போகுது? அதான் அவ குட்டி ஆயிடுச்சே.

— கார் சத்தம் கேக்குது. அண்ணன்தான். இந்தாங்க மாமா, அவர் கோட்டு. இது உங்ககிட்டயே இருக்கட்டும்.

— ச்சீ, என்னம்மா இது, உள்ளெல்லாம் இப்படி நனைஞ்சிருக்கு?

— ஈரக் குட்டியைச் சுத்தித் தூக்கிட்டு வந்தா நனையாதா?

— எது வரைக்கும் சுத்தி வச்சிருந்தே?

— கொட்டகைக்குள்ள வந்து வைக்கோல்ல படுக்க வைக்கிற வரைக்கும். நான் குளிர்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தேனே, நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க.

— பாத்தேன். உன் மஞ்சள் சட்டை அங்க வரும்போதே தெரிஞ்சுது. அப்போ நான் ‘டேய்’னு கூப்பிட்டப்போ, கோட்டு யார் மேலம்மா இருந்துச்சு?

— ...குட்டி மேல.

— ம்.

— மாமா...

— டேய், கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஓடு. வாசல்ல விருந்தாளி வந்து நிக்கிறாரு, ‘வாங்க’ன்னு உள்ள கூப்பிட நம்ம வீட்டுல உன்னை விட்டா வேற யாருடா இருக்கா?