ஏழாம் மாதச் சட்டை

—கையைத் தூக்கு. மூச்சை இழுத்துப் பிடிக்காதே, அளவு பொய்யாப் போயிடும்.

—நான் எங்க பிடிச்சேன்... உங்க வாரிசு உதைக்குது. போன ஞாயித்துக்கிழமைதானே இந்த யூனிஃபார்ம் சட்டையைப் பிரிச்சுத் தைச்சீங்க? அதுக்குள்ள பட்டன் போட முடியல.

—ஏழு மாசம்... வளருதுல்ல.

—வளரும்னு தெரியாதா? இருபது வருஷமா டெய்லர். ஸ்கூல் பசங்களுக்கெல்லாம் ரெண்டு வருஷத்துக்குத் துணி விட்டுத் தைக்கிறீங்க. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு விரக்கடை விட மனசில்லையா?

—துணி பத்தல. திரும்பு.

—ஏன் டேப்பை நுனி விரல்ல பிடிக்கிறீங்க? சுடுதா?

—பேசாம நில்லேன்.

—அஞ்சு மாசமா ஹால்ல படுக்கிறீங்க. கேட்டா முதுகு வலி.

—வலிதான்.

—முதுகு வலிக்காரர் நேத்து தையல் மெஷினை ஒத்த ஆளா மாடிக்குத் தூக்கிட்டு வந்தாரே?

—அது... விட்டு விட்டு வரும்.

—உண்மையைச் சொல்லுங்க. கால் வீங்கி, முகம் கறுத்து... பார்க்கப் பிடிக்கலையா?

—யாரு சொன்னா? எத்தனை பேருக்கு அளவெடுத்திருக்கேன்... இப்படி ஓர் அழகை நான் பார்த்ததே இல்ல. நீ நடந்து வந்தா கத்தரிக்கோலைக் கீழ வெச்சிடறேன். வெட்டு கோணிடும்.

—இதை அஞ்சு மாசத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?

—சொன்னா... அப்புறம் சும்மா இருக்க முடியாதே.

—ஏன் சும்மா இருக்கணும்?

—டேப் எங்க போச்சு?

—உங்க கழுத்துலதான் தொங்குது. உட்காருங்க. தீயணைப்பு நிலையத்துல ஒரு நாளைக்கு நாப்பது போன் எடுக்கிறவ நான். பயந்தவங்க தானா வாயைத் திறக்க மாட்டாங்க. ஒண்ணொண்ணாக் கேட்டாத்தான் வரும். கேக்கவா?

—வேணாம்...

—பதறாம சொல்லுங்க சார். எங்க பத்திக்கிச்சு?

—விளையாடாதே.

—உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா?

—...நான்தான்.

—எத்தனை நாளா?

—போன வருஷம் மூணாம் மாசத்துல... கலைஞ்சு போச்சே. அன்னையிலேர்ந்து.

—ம். சொல்லுங்க.

—அதுக்கு முந்தின ராத்திரி நாம... நான்தானே உன்னைக் கூப்பிட்டேன். என்னாலதான் போச்சு.

—ஒரு வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டா இருந்தீங்க?

—நீ அழுத அழுகையில எப்படிச் சொல்றது?

—நெருப்புன்னா வாய் வெந்துடுமா? நான் அப்பவே டாக்டரம்மாகிட்ட கேட்டேன். கரு சரியா உருவாகல, நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஊர்ல இருந்திருந்தாலும் தங்கியிருக்காதுன்னாங்க.

—என்கிட்ட ஏன் சொல்லல?

—உங்களுக்கு இப்படி ஒரு பயம்னு எனக்கென்ன தெரியும்? நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். வான்னதும் வந்தவ நான்தானே.

—...இந்தத் தடவை?

—நாம சேர்ந்து இருக்கலாமான்னு போன வாரமும் கேட்டேன். ரத்தக்கசிவு இல்ல, வலி இல்ல, நஞ்சுக்கொடி இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. வயித்துல பாரம் விழாம பார்த்துக்கிட்டா போதுமாம். உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாதாம்.

—கேக்க வெக்கமா இல்லையா உனக்கு?

—இருந்துது. இருந்தாலும் கேட்டேன். அவங்க சிரிக்கவே இல்ல. கேக்கிறவங்க கம்மி, மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கறவங்கதான் அதிகம்னாங்க.

—பெரிய மனுஷிதான் நீ.

—கையைக் குடுங்க. டேப் வேணாம்... இங்க.

—...அசையுது.

—யாரோட கைன்னு தெரிஞ்சுக்கிச்சு.

—இன்னொண்ணு சொல்றேன், கோவிக்காதே.

—ம்.

—துணி பத்தலைன்னது பொய். நாலு விரக்கடை உள்ளதான் மடிஞ்சிருக்கு. வேணும்னேதான் இறுக்கித் தைச்சேன். அளவெடுக்கிற சாக்குல... வாரத்துக்கு ஒரு தடவையாவது உன் பக்கத்துல நிக்கலாமேன்னு.

—தெரியும். உள்ள தடவிப் பார்த்தேனே.

—தெரிஞ்சுமா மூச்சு முட்ட இதைப் போட்டுக்கிட்டு வேலை பார்த்தே?

—வேலையில எங்க போட்டேன்... அஞ்சாம் மாசமே பெரிய சட்டை ரெண்டு குடுத்துட்டாங்க. அங்க போனதும் மாத்திக்குவேன். இதைப் போடறது, ஞாயித்துக்கிழமை பட்டன் மாட்டலைன்னு உங்க முன்னாடி வந்து நிக்கறதுக்குத்தான்.